சந்திரபாபு ஆவணப்படம் பார்த்தவர்கள் வாருங்கள், பேசலாம்

தங்கச்சிமடத்தான்:

ஒரு நடிகரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால் இப்படித்தான் எடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஊரில் ஆட்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு கோயில் மைதானத்தில் திரை கட்டி, பழைய நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு பற்றிய படத்தைப் போட்டோம். மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். வராதவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த இழையில் விரிவாகப் பேசலாம்.

சந்திரபாபு என்ற பெயரை எடுத்தாலே பலர் அவருடைய வீழ்ச்சியைத்தான் பேசுவார்கள். குடித்தார், கடன்பட்டார், வாய்ப்பு இல்லாமல் இருந்தார், 1974 மார்ச்சில் ஐம்பது வயதை எட்டும் முன்பே காலமானார். இதையே பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின, இப்போது யூடியூபிலும் அதே புலம்பல்தான். அவர் என்ன செய்து இவ்வளவு பெரிய நடிகரானார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இந்தப் படம் அதைச் சொல்கிறது. பாட்டுகளை அரை நிமிடத்தில் வெட்டாமல் முழுதாக ஓடவிட்டிருக்கிறார்கள். நடுவில் யாரும் வந்து 'அவர் ஒரு மாமேதை' என்று சொல்லவில்லை. அவர் ஆடுகிறார், பாடுகிறார்; நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'சபாஷ் மீனா' பகுதி. 1958இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். சிவாஜி கதாநாயகன். சந்திரபாபுவுக்கு இரண்டு வேடங்கள்: சிவாஜிக்குப் பதிலாகப் பெரிய வீட்டில் போய்த் தங்கும் நண்பன் ஒருவன், சென்னைத் தெருவில் ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவன். ஆவணப்படம் எடுத்தவர்கள் இரண்டு வேடத்தின் காட்சிகளையும் முதலில் ஒலி இல்லாமல் அடுத்தடுத்து வைக்கிறார்கள். உடையை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் யார் எவர் என்று சொல்லிவிடலாம். நண்பனுக்குத் தோள் தளர்ந்து, கை எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறது. ரிக்‌ஷாக்காரனுக்குக் கழுத்தும் தோளும் வேறு மாதிரி. எடை இழுத்துப் பழகிய உடம்பு அது. பிறகு அதே காட்சிகளை ஒலியோடு போடுகிறார்கள். ஊரே கைதட்டியது.

நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

மண்டபம் பாட்டு டீச்சர்:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். நான் குரலைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் அதை எழுதப்போவதில்லை.

ஐம்பதுகளில் பின்னணி பாடும் முறை நன்றாக வேரூன்றிவிட்டது. திரையில் நடிகர் வாயசைப்பார், பின்னால் டி.எம். சௌந்தரராஜனோ ஏ.எம். ராஜாவோ பாடுவார். பாகவதர் காலம் போல நடிகரே பாடும் வழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் தன் பாட்டைத் தானே பாடி நின்றவர்கள் சிலர்தான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், பானுமதி அம்மா, அப்புறம் சந்திரபாபு. இவர் மற்றவருக்கும் குரல் கொடுத்தார்! 1954இல் வந்த 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பாடியது இவர்தான். வீணை பாலசந்தர் என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய அதே பாலசந்தர். தானே பெரிய இசைக்காரர் ஒருவர், தனக்குப் பாட இவர் குரல் பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டாரே, அது சாதாரண விஷயமா?

படத்தில் யோடலிங் பற்றி வரும் பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். நெஞ்சிலிருந்து எழும் குரல் சட்டென்று உடைந்து மேலே மென்குரலாகத் தாவும், அடுத்த நொடியே கீழே இறங்கும். நமக்குச் சொல்லித் தரும் சங்கீதத்தில் குரல் இப்படி உடைவது குறை. கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் சேரும் இடம் தெரியாமல் பாடத்தான் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்கிறோம். இவர் அந்த உடைப்பையே எடுத்து வைத்துக்கொண்டு அலங்காரம் செய்தார். அப்படி உடைத்தும் சுருதி விலகவில்லை. என் மாணவர்கள் முயன்று பார்க்கும்போதுதான் எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குப் புரியும்.

கீழக்கரைவாசி:

தங்கச்சிமடத் தம்பிக்கு நன்றி. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தோம். உம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 'குங்குமப்பூவே' தொடங்கியதும் ஜமுனாராணி பாடும் வரிகளை எல்லாம் அவர் சேர்ந்தே பாடினார். அந்தப் பாட்டு வரும் 'மரகதம்' 1959இல் வந்த படம். எங்கே கேட்டுப் படித்தீர்கள் என்று கேட்டேன். 'சிலோன் ரேடியோவில்தான், வேறெங்கே?' என்றார்.

இதை ஆவணப்படம் இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாம். 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்தபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிப்போனது. 1957இல் அதே வானொலியின் பாட்டு ஒலிபரப்பான விவித் பாரதி தொடங்கும் வரை பாட்டுப் பிரியர்கள் கொழும்பைத்தான் நம்பியிருந்தார்கள். சந்திரபாபு மேலே வந்த காலமும் சரியாக அதுதான். நம் கரைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மத்திய அலை உப்புநீரின் மேல் நன்றாகப் பாயும். நமக்கும் கொழும்புக்கும் நடுவில் பெரும்பகுதி கடல்தானே. சென்னை நிலையம் கரகரக்கும் பொழுதில் கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும் என்று வாப்பா சொல்வார். வாப்பாவும் பெரியப்பாவும் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் செய்தவர்கள். ஊருக்கு வரும்போது முதலில் இறங்கும் சாமான் வானொலிப் பெட்டிதான்.

சந்திரபாபு கொழும்பில் வளர்ந்தவர் என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் பிறந்தார். தகப்பனார் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் குடும்பமே இலங்கைக்குப் போக நேர்ந்தது. பள்ளிப்படிப்பெல்லாம் அங்கேதான். அந்த ஊரில் கிதாரும் கைத்தட்டலுமாகப் பைலா என்ற ஆட்டப்பாட்டைப் பாடாத திருமண வீடு கிடையாது. அந்தத் தாளம் இவர் காலில் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். 'பம்பரக் கண்ணாலே' பாட்டில் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

மூக்கையூர்க்காரன்:

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் ஒரு குறையைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1947இல் 'தன அமராவதி'யில் முதன்முதலாகத் தலைகாட்டினார். அதன்பின் ஐந்து வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1952இல் மனம் வெறுத்து ஸ்டூடியோ வளாகத்துக்குள்ளேயே உயிரை விடத் துணிந்தார். பிழைத்தார். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அங்கே தீக்குச்சியைக் கொளுத்தித் தன் உள்ளங்கையில் வைத்து, 'சுட்டது உங்களுக்குத் தெரிகிறது, வலி தெரியாது' என்ற பொருளில் நீதிபதியிடம் சொன்னார் என்பது தமிழ் சினிமாவில் எல்லாரும் அறிந்த செய்தி. இவ்வளவு பெரிய சம்பவத்தை ஆவணப்படம் ஓரிரு நிமிடத்தில் தாண்டிப்போகிறது. அப்புறம் 'மாடி வீட்டு ஏழை'. எம்.ஜி.ஆரை வைத்து இயக்கத் தொடங்கி, முடியாமல் நின்ற படம். அவர் பணம் கரைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் இரண்டு வரிதான்.

நானும் கரைக்காரன்தான். துன்பத்தைத் தொட்டுக் காட்டாமல் சிரிப்பை மட்டும் காட்டினால் மனிதர் பாதிதான் தெரிவார். அந்த வலி இல்லாமல் 'பிறக்கும்போதும் அழுகின்றான்' பாட்டை அப்படிப் பாடியிருக்க முடியுமா?

தங்கச்சிமடத்தான்:

அண்ணே, கோபம் எதற்கு? நீங்கள் சொல்லும் தீக்குச்சிச் சம்பவம் எனக்கும் மனதில் தைத்ததுதான். ஆனால் வலி இருந்ததால் நன்றாகப் பாடினார் என்பதை நான் ஏற்கமாட்டேன். வலி நம் ஊரில் யாருக்கு இல்லை? கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அவர்கள் எல்லாரும் சந்திரபாபுவாகிவிட்டார்களா? அவர் பாடப் படித்தார், ஆடப் படித்தார், ஆங்கிலப் படங்களைப் பார்த்து உடம்பைப் பழக்கினார். துன்பத்தையே காரணமாகச் சொல்லும்போது அந்த உழைப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. அவரைப் பற்றி இத்தனை காலமும் நடந்தது அதுதான்.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் படம் பக்கம் சாராமல் நின்றது எனக்குச் சரியாகவே படுகிறது. இருவரும் இப்போது இல்லை. 'நாடோடி மன்ன'னில் 1958இல் இருவரும் சேர்ந்து நடித்ததை, அந்தப் படம் ஓடிய ஓட்டத்தைக் காட்டினார்கள். பின்னால் நின்றுபோன படத்தையும் சொன்னார்கள். 1969இல் 'அடிமைப் பெண்'ணில் சந்திரபாபு மறுபடி எம்.ஜி.ஆரோடு நடித்ததையும் சொன்னார்கள். பகை என்று கேட்டு வளர்ந்தவர்கள் பலருக்கு அந்தக் கடைசிச் செய்தி தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், 'அப்படியா?' என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மண்டபம் பாட்டு டீச்சர்:

மூக்கையூர் அண்ணன் சொன்ன பாட்டைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 'பிறக்கும்போதும் அழுகின்றான்' வந்தது 'கவலை இல்லாத மனிதன்' என்ற படத்தில், 1960. பாட்டை எழுதியவர் கண்ணதாசன். படத்தைத் தயாரித்தவரும் அவரே. அந்தப் படம் கவிஞருக்குப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது. சந்திரபாபு படப்பிடிப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று கவிஞருக்குக் கடுமையான மனக்கசப்பு. அதைக் கவிஞர் மறைக்கவில்லை, எழுதியே வைத்தார்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து 1962இல் ஏவி.எம்.மின் 'அன்னை'. ஆர். சுதர்சனம் இசை. 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' பாட்டு. எழுதியவர் அதே கண்ணதாசன், பாடியவர் அதே சந்திரபாபு. மனம் கசந்துபோன ஒரு மனிதருக்கு ஒரு கவிஞர் இப்படியொரு பாட்டை எழுதியிருக்கிறார். அந்த மனிதரும் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் பாடியிருக்கிறார். ஆவணப்படம் இரண்டு பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது. யார் வைத்தாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்.

அந்த 'அன்னை' பாட்டில் யோடலிங் வித்தை காட்டவில்லை, வேகமும் இல்லை. பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் ஒரு குரல். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் இழுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறார். நகைச்சுவை நடிகர் தத்துவப் பாட்டுப் பாடினால் உருகி உருகிப் பாடத் தோன்றும். உருகினால் அந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும்.

தொண்டிக்கரை:

எனக்கு வயது இருபத்து மூன்று. சந்திரபாபு பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன், முகம் தெரியாது. ஆவணப்படம் பார்த்தபின்தான் 'நான் ஒரு முட்டாளுங்க' பாடியவரும் 'உனக்காக எல்லாம் உனக்காக' பாடியவரும் ஒருவரே என்று அறிந்தேன். அண்ணன்மார், அக்காமார் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. அவர் கொழும்புக்குப் போனதும் வந்ததும் கொழும்புக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோன நம் போட் மெயில் ரயிலில், பாம்பன் பாலம் வழியாகத்தானே இருக்கும்? அதை ஏன் படத்தில் காட்டவில்லை? நம் ஊருக்கு ஒரு பெருமையாக இருந்திருக்குமே.

பாம்பன் ரயிலடி:

தம்பி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். போட் மெயில் முதலில் தூத்துக்குடிக்குத்தான் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின்தான் ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல் வழி. அதற்குப் பிறகும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நேரடிப் போக்குவரத்து இருந்துகொண்டுதான் இருந்தது. தூத்துக்குடிக் குடும்பம் ஒன்றுக்குத் தன் ஊர்த் துறைமுகமே பக்கம். இரண்டு வழியும் திறந்திருந்த காலத்தில், நம் பெருமைக்காக ஒரு வழியை எடுத்து ஒட்டவைக்கக் கூடாது. படம் எடுத்தவர்கள் அதைத் தொடாமல் விட்டதை நான் மெச்சுகிறேன். நடிகர்களைப் பற்றிய படங்களில் பாதிக்குப் பாதி கட்டுக்கதைதான் ஓடுகிறது.

ஆனால் நம் பாலத்தில் போன ரயில் சந்திரபாபுவின் பாட்டைச் சுமந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். இசைத்தட்டு, சினிமாப் பெட்டி, பத்திரிகை என்று எவ்வளவோ சரக்கு சென்னையிலிருந்து இலங்கைக்கு இந்த வழியாகப் போனது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடி போனது, அந்த வழியும் போனது.

தேவிபட்டினம்:

ரயில்வே ஐயா புயலைச் சொன்னதால் ஒரு செய்தி. அந்தப் புயலின்போது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். இது நம் பகுதியில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாவித்திரிதான் சந்திரபாபு எழுதி இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தின் நாயகி. 1966இல் வெளியானது. கடல் கொண்ட தனுஷ்கோடியைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனவர், இரண்டு ஆண்டு கழித்து இவருடைய இயக்கத்தில் நடித்தார்.

படம் வசூலில் தோற்றது. அதனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய பிழைகளில் ஒன்றாகவே கணக்கில் சேர்க்கிறார்கள். ஆவணப்படம் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்கு நிறைவு. 1966இல் ஒரு நகைச்சுவை நடிகர் தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து, சாவித்திரியை நாயகியாக வைத்துப் படம் எடுக்கத் துணிந்தார். நாகேஷ் உச்சத்துக்கு ஏறிவிட்ட நேரம் அது. இவருக்குப் படங்கள் குறைந்துகொண்டிருந்தன. அப்போது இருக்கிற பணத்தைக் காப்பாற்றிக்கொண்டு சின்னச் சின்ன வேடம் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாத மனிதரைக் கெட்டிக்காரர் இல்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். கலைஞர் இல்லை என்று சொல்லாதீர்கள்.

படத்தின் பெயர் திரையில் வந்தபோது தங்கச்சிமடத்தில் பின்னால் இருந்த பெண்கள் சட்டென்று அந்த வசனத்தின் முன்பகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள், கேட்டீர்களா? மத்தேயு எழுதிய நற்செய்தியில் வரும் வசனம். கிறித்தவக் கோயில் பிள்ளையாக வளர்ந்தவர் தன் படத்துக்கு அங்கிருந்து பெயர் எடுத்திருக்கிறார்.

மூக்கையூர்க்காரன்:

தேவிபட்டினத்தார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பகுதி நன்றாகவே இருந்தது. என் முதல் குறையை நான் விடவில்லை. கடைசிப் பத்து வருடத்தை இன்னும் நிதானமாகக் காட்டியிருக்க வேண்டும். அழவைப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு நடிகனுக்கு வயது ஏறும்போது உடம்பும் சந்தையும் என்ன செய்கின்றன என்று தெரியவேண்டும். சந்திரபாபு உடம்பால் நடித்தவர். வழுக்கி விழுவார், எகிறுவார், சுழல்வார். நாற்பது வயதில் அது முன்போல் வராது. குரல் இருந்தது, ஆனால் இவர் வாயால் பாட வேண்டிய வேடம் யாரும் எழுதவில்லை. இதை யாராவது நேராகக் கேட்டிருக்கலாம்.

சென்னைத் தமிழ் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வியக்கிறேன். தூத்துக்குடிப் பேச்சு வீட்டில், இலங்கைத் தமிழும் ஆங்கிலமும் பள்ளியில். இப்படி வளர்ந்தவர் ரிக்‌ஷாக்காரர் பேச்சைத் திரையில் பேசியபோது சென்னைக்காரர்களே அதைத் தங்கள் பேச்சு என்று ஏற்றார்கள். கேலி செய்யும் தொனியில் பேசியிருந்தால் ஒரு படத்தோடு முடிந்திருக்கும். இவர் அந்தப் பேச்சின் தாளத்தைப் பிடித்தார். எங்கே மூச்சு விடுகிறான், எந்தச் சொல்லை விழுங்குகிறான், கோபம் வந்தால் எந்த எழுத்தில் அழுத்துகிறான். நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். பத்து ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் சுமை இறக்கும்போது காது இப்படிப் பழகும். துறைமுக ஊர்ப் பிள்ளைக்கு அது வாய்த்திருக்கிறது.

கீழக்கரைவாசி:

மூக்கையூர் காக்கா, துறைமுகக் காது என்று சொன்னீர்களே, அது உண்மை. எங்கள் ஊரில் ஒரே கடைத்தெருவில் சிங்களமும் மலாயும் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள்.

தொண்டித் தம்பிக்கு: முதலில் 'சபாஷ் மீனா'வை முழுப் படமாகப் பாருங்கள், துண்டு துண்டாக வேண்டாம். சிவாஜி எதிரில் நின்று இவர் தன் இடத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பது முழுப்படத்தில்தான் தெரியும். அதன்பின் 'சகோதரி', 1959. அது ஏவி.எம். படம். எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது ஏதோ குறைகிறது என்று தோன்றி, சந்திரபாபுவைக் கூப்பிட்டுத் தனியாக நகைச்சுவைப் பகுதி எடுத்துச் சேர்த்தார்கள். 'நான் ஒரு முட்டாளுங்க' அப்படிச் சேர்ந்த பகுதியில் வருவது. அந்தக் கதை தெரிந்து பார்த்தால் எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடத் தோன்றும். 'புதையல்' 1957இல் வந்தது. 'உனக்காக எல்லாம் உனக்காக' பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. 'குமாரராஜா' படத்துக்கு முழுதாக நேரம் செலவிடச் சொல்லமாட்டேன், 'ஒண்ணுமே புரியலே' பாட்டை மட்டும் பாருங்கள்.

மண்டபம் பாட்டு டீச்சர்:

தொண்டித் தம்பி, 'மணமகன் தேவை'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில்தான் 'பம்பரக் கண்ணாலே'. ஜி. ராமநாதன் இசை. கர்நாடக ராகங்களைச் சினிமாவில் அள்ளிக் கொடுத்தவர் என்றுதான் அவரைச் சொல்வோம். அவரே இப்படியொரு மேல்நாட்டு ஆட்டப்பாட்டைப் போட்டுக் கொடுத்தார் என்றால், எந்தக் குரலுக்குப் போடுகிறோம் என்று அறிந்துதான் போட்டிருக்கிறார்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பாட்டை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பாருங்கள். அவருடைய கால் தாளத்தை அப்படியே மிதிக்காது. தாளம் விழுவதற்குச் சற்று முன்னால் உடம்பு கிளம்பிவிடும், விழும் நேரத்தில் அவர் நின்றிருப்பார். நடனம் சொல்லிக் கொடுத்து ஆடுகிறவர்கள் தாளத்தோடு இறங்குவார்கள். தானே பாடியவருக்குத்தான் அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே உடம்பில் இருக்கும். குரல் ஒருவர், உடம்பு ஒருவர் என்று இருந்தால் இது வராது. ஆவணப்படத்தில் இந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். அதற்காகவே இரண்டாம் முறை பார்த்தேன்.

தங்கச்சிமடத்தான்:

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த இடத்தில்தான் ஐஸ் கம்பெனிப் பையன்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். உட்காருங்கள் என்று பின்னால் சத்தம். ஒருவனும் கேட்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டை மறுபடி போட்டோம்.

மூக்கையூர் அண்ணன் சொன்ன கடைசிக் காலம் பற்றி யோசித்துப் பார்த்தேன். உடம்பும் சந்தையும் என்ற கேள்வி நியாயமானது. அதைப் படம் கேட்கவில்லை என்பதும் உண்மை. எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் அவருக்கும் இருந்த நட்பைச் சொல்லும் பகுதியில் அந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. கடைசிவரை உடன் நின்ற நண்பர் அவர், இசையமைப்பாளரும் அவரே.

அடுத்த திரையிடலுக்கு 'சபாஷ் மீனா'வை முழுதாகப் போடலாம் என்று ஊரில் கேட்கிறார்கள். தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஆட்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், கூட்டம் சேராது. அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஒலிபெருக்கி 'புதையல்' பாட்டில் கரகரத்ததை எல்லாரும் கவனித்திருப்பீர்கள். நல்லது ஒன்று யாரிடமாவது இருக்கிறதா?

கீழக்கரைவாசி:

ஒலிபெருக்கி எங்கள் பொறுப்பு, தம்பி. திருமண மண்டபத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கின்றன, கேட்டு வாங்கி வேனில் ஏற்றிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அங்கே நிக்காஹ் இருக்கிறது. உம்மாவும் வருவதாகச் சொல்கிறார். நாற்காலி ஒன்று முன்னால் போட்டு வையுங்கள்.

மூக்கையூர்க்காரன்:

நானும் வருகிறேன். படம் முடிந்ததும் பேச அரைமணி நேரம் ஒதுக்கினால் நல்லது. கடைசிப் பத்து வருடம் பற்றிய பேச்சை நேரில் வைத்துக்கொள்வோம்.